நண்பர்களோடு ஒரு நாள் போவதற்குக் காய்ச்சல் எதற்கு?

சில வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கைபேசி அடித்தது. ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பன், கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தான். "மச்சான், வேன் வருது. பொத்துவிலுக்குப் போறம். நீயும் வா" என்றான். நாங்கள் நால்வரும் ஒன்றுகூடி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. உடனே அதிபருக்கு அழைத்து, "சேர், காய்ச்சல். இன்றைக்கு வர முடியாது" என்றேன்.

அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில், கோமாரி வழியாகப் போனோம். அறுகம்குடாவில் மீன் பொரித்துச் சாப்பிட்டோம். கலாசாலை விடுதிக் கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மறுநாள் பத்தாம் தர மாணவி ஒருத்தி ஒரு சிறு பொதியை என் மேசையில் வைத்தாள். உள்ளே கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இருந்தன. "சேருக்குக் காய்ச்சல் எண்டு உம்மா தந்துவிட்டா" என்றாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் நாள் என் பாடவேளைகளில் பக்கத்து வகுப்பு ஆசிரியர்தான் இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்.

எங்கே தவறினேன் என்று பிறகு யோசித்தேன். நண்பர்களோடு ஒரு நாளைக் கழித்தது குற்றமில்லை. அதற்கு நான் நோயாளியாக நடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால், கெஷுவல் லீவு என்று நாம் சொல்லும் அமய லீவு இப்படியான சொந்த அலுவல்களுக்கும் உரியதுதான்.

தனியார் கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்வோருக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் தருகிறது. சொந்த அலுவல், சுகயீனம், வேறு நியாயமான காரணம் என மூன்றுக்கும் அந்த 7 நாட்களைப் பயன்படுத்தலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் பூர்த்தியான ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் வீதம் அமய லீவு கிடைக்கும். அரச உத்தியோகத்தர்களுக்குப் பொதுவாக 21 நாள் அமய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் உண்டு. பாடசாலை விடுமுறை பெறும் எங்களுக்குக் கணக்கு சற்று வேறு என்றாலும் அமய லீவு எங்களுக்கும் இருக்கிறது.

இருந்தும் நாம் ஏன் பொய் சொல்கிறோம்? உண்மையைச் சொன்னால் "ஊர் சுற்றவா லீவு?" என்ற கேள்வி வரும் என்ற பயம்தான் காரணம். இதில் அதிபர்களுக்கும் முதலாளிமாருக்கும் பங்கு உண்டு. உண்மை சொல்பவனைக் கேலி செய்துவிட்டு, மருத்துவச் சான்றிதழோடு வருபவனுக்குத் தலையாட்டினால், அந்த இடத்தில் பொய்தான் வளரும். பிறகு ஒருவர் உண்மையாகவே நோயுற்றாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அதே நேரம், நினைத்தவுடன் எடுத்துக்கொள்ளும் பொருளல்ல லீவு. கேட்டு, அனுமதி பெற்று எடுக்க வேண்டியது. மேசன் வேலைக்கோ கடலுக்கோ போகாத நாளில், அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கு வருமானம் இல்லை. சம்பளத்தோடு வீட்டில் இருக்க வசதி பெற்ற நமக்கு, அந்த வேலை நேரம் ஓர் அமானிதம். நாம் வராத வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் வராத கவுண்டருக்கு முன்னால் தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு வயோதிபர் நிற்கிறார்.

ஆகவே நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான். முடிந்தால் முதல் நாளே கேட்பேன். திடீர் அழைப்பு வந்தால், "சேர், நண்பர்கள் வந்திருக்கிறார்கள், ஒரு நாள் லீவு தர முடியுமா?" என்றே கேட்பேன். பிள்ளைகளுக்கான பயிற்சியைச் சக ஆசிரியரிடம் ஒப்படைப்பேன். அவருக்குத் தேவை வரும் நாளில் அவருடைய பாடவேளையை நான் எடுப்பேன். பரீட்சை நெருங்கும் காலத்தில் கேட்கவே மாட்டேன். அதிபர் மறுத்தால் பாடசாலைக்குப் போய்விட்டு, பின்னேரம் நண்பர்களைச் சந்திப்பேன்.

கடந்த முறை கட்டார் நண்பன் வந்தபோது இப்படித்தான் கேட்டேன். அதிபர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். மறுநாள் அதே வகுப்புப் பிள்ளைகள், "சேர், பயணம் எப்படி?" என்று கேட்டார்கள். நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன்.