கார் டீடெய்லிங் தொழில்: எந்தப் பொருளை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?



நம் அறக்கட்டளைக்கு வரும் தொழிற்கடன் விண்ணப்பங்களில், கார் டீடெய்லிங் கடை வைக்க உதவி கேட்டு வருபவை இப்போது கூடியிருக்கின்றன. வாட்டர் வாஷோடு நிறுத்தாமல், பெயிண்டை மெருகேற்றி, அதன்மேல் பாதுகாப்புப் பூச்சு போட்டு, உள்புறத்தையும் இண்டு இடுக்கு விடாமல் சுத்தம் செய்து தருவதுதான் டீடெய்லிங். இளைஞர்கள் இதில் ஆர்வம் காட்டுவது நல்ல செய்தியே.

விண்ணப்பங்களில் பிரஷர் வாஷர், வாக்குவம் கிளீனர், பாலிஷ் மெஷின் ஆகியவற்றின் விலையெல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் "கெமிக்கல் வகைகள்" என்பது ஒரே ஒரு வரி. தொழிலின் லாபமும் நல்ல பெயரும் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கின்றன. மெஷின் ஒருமுறை வாங்குவது, கெமிக்கல் மாதாமாதம் வாங்குவது. மெஷின் சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். தவறான திரவம் பட்டுக் கெட்ட பெயிண்டையும், வெந்துபோன கையையும் அப்படி மாற்ற முடியாது. ஆகவே பிள்ளைகளும், அவர்களுக்காகக் கையெழுத்துப் போடும் அத்தாமார்களும் படித்துப் பயன்பெற இதை எழுதுகிறோம்.

எந்தப் பொருளை வாங்கும் முன்பும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இது எந்தப் பரப்பில் படப்போகிறது? எந்த அழுக்கை எடுக்கப்போகிறது? இதைக் கையாளும் பிள்ளைக்கு என்ன ஆகும்?

பெயிண்ட் எவ்வளவு மெல்லியது

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு இருக்கிறது. பளபளப்பு அதிலிருந்துதான் வருகிறது. அதன் கனம் பொதுவாக 30 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது ஒரு முடியின் கனம்கூட இல்லாத அடுக்கின்மேல்தான் நாம் வேலை செய்கிறோம். காம்பவுண்டு போட்டு மெஷினால் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்ரான் குறைகிறது. தேய்ந்தது திரும்ப வளராது. எனவே கீறலே விழாமல் கழுவுவதுதான் முதல் வேலை. கீறலைத் தேய்த்து எடுப்பது அதற்குப் பிறகுதான்.

நம் ஊர்த் தூசியும் தண்ணீரும்

காங்கேயத்தில் அரிசி ஆலைகள் நிறைய. உமி எரியும் கொதிகலன்களில் இருந்து வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். அது படிந்த காரை ஈரமில்லாத துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத்தான். முதலில் நுரையைப் பீய்ச்சிச் சில நிமிடம் ஊறவிட்டு, தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கிய பிறகுதான் கை படவேண்டும். அடுத்து இரண்டு வாளி முறை: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். ஒவ்வொரு பாகத்தைத் தேய்த்த பிறகும் கையுறையை வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு நீரில் நனைக்க வேண்டும்.

நம் பகுதியில் பல ஆழ்குழாய்க் கிணறுகளில் கடின நீர். வெயிலில் கார் காய்ந்தால் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்துவிடும். நாளாக நாளாக அந்தப் புள்ளி பெயிண்டையே அரிக்கும். எனவே நிழலில் கழுவுவதும் உடனே துடைப்பதும் கட்டாயம். சாஃப்ட்னர் பொருத்தினால் கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியம் வரும். டி.டி.எஸ். மீட்டரில் அளவு குறையாது, ஆனால் புள்ளி எளிதாகத் துடைபடும். கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஆர்.ஓ. நீர் பயன்படுத்தினால் புள்ளியே பெரும்பாலும் வராது. கடை பிடிக்கும் முன் அந்த இடத்துத் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். வாடகை குறைந்த இடம் தண்ணீரால் செலவு கூடிய இடமாகிவிடக் கூடாது.

சுத்தம் செய்யும் பொருட்கள்

ஒரு திரவம் அமிலமா காரமா என்பதை பி.எச். அளவு சொல்லும். அளவு 0 முதல் 14 வரை. 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். கார் ஷாம்பு 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். துணி துவைக்கும் பவுடர் காரத்தன்மை கொண்டது. அது அழுக்கோடு சேர்த்து வாக்ஸையும் எடுத்துவிடும், ரப்பர் பீடிங்கையும் நாளடைவில் வெளுக்க வைக்கும். சில சர்வீஸ் ஸ்டேஷன்களில் அடிப்பாகத்துக்கு டீசலோ மண்ணெண்ணெயோ அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது பட்ட ரப்பர் புஷ்கள் ஊதிப் பலமிழக்கும், கழிவு நீரும் கெடும். அதை விட்டுவிடுவதே நல்லது.

கிரீஸ், இன்ஜின் அழுக்கு, மிதியடி ஆகியவற்றுக்கு ஏ.பி.சி. எனப்படும் பொதுக் கிளீனர் ஒன்று போதும். இது காரவகை. உள்புறத்துக்கு ஒரு பங்குக்கு 10 பங்கு தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்குக்கு ஒரு பங்குக்கு 4 பங்கு தண்ணீர் என்பது பரவலான கலவை. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள். வீலில் ஒட்டும் பிரேக் தூசியில் இரும்புத் துகள் உண்டு. அதற்கென்று உள்ள அயர்ன் ரிமூவர் இரும்பு பட்டதும் ஊதா நிறமாக மாறும். வாடை கடுமையாக இருக்கும். கையுறை போட்டு, காற்றோட்டத்தில் அடித்து, காயும் முன் அலசிவிட வேண்டும்.

ஆசிட் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்

இது இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. அலாய் வீலைச் சில நொடியில் வெளுக்க வைக்கும் சில மலிவான கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் அல்லது அம்மோனியம் பைஃபுளோரைடு கலந்திருக்கும். நீர்த்த ஆசிட் கையில் பட்டால் முதலில் வலியே தெரியாமல் இருக்கலாம். பல மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதற்குள் அது தோலுக்குள் இறங்கி, உடம்பின் கால்சியத்தோடு சேர்ந்து, தசையையும் எலும்பையும் பாதித்திருக்கும். அதிக அளவில் பட்டால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மட்டும் 2001 முதல் 2013 வரை வாகனம் கழுவும் வேலையில் இந்த ஆசிட்டால் 48 பேருக்குப் புண் ஏற்பட்டதாக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015-ல் வெளியிட்டது. பாதுகாப்புச் சட்டங்கள் இறுக்கமாக உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

லேபிளில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல மறுக்கும் கேன்களையும் வாங்காதீர்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய், என்ன ஆசிட் என்பதைச் சொல்ல வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இதற்கான முதலுதவி மருந்து. கழிவறை ஆசிட்டை வீலுக்கு ஊற்றுவதும் கூடாது. அது அலாயை அரித்துவிடும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

இன்னொன்று: கெமிக்கலைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. சித்திரை வெயிலில் தாகத்தோடு வரும் பையன் எடுத்துக் குடித்துவிடுவான். ஸ்பிரே பாட்டில் ஒவ்வொன்றிலும் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

துணியும் ஒரு பொருள்தான்

திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் பனியன் வேஸ்ட் நமக்கு மலிவாகக் கிடைக்கிறது. வீல், இன்ஜின், அடிப்பாகம் துடைக்க அது போதும். பெயிண்டில் அது படக்கூடாது. தையலும் நூல் முடிச்சும் கீறிவிடும். பெயிண்டுக்கு மைக்ரோஃபைபர் துணியே வேண்டும். பூச்சு துடைக்க 300 முதல் 400 ஜி.எஸ்.எம்., ஈரம் எடுக்க அதைவிடக் கனமானது என்று வைத்துக்கொள்ளலாம். நிறம் வாரியாகப் பிரித்து, வீலுக்கு வைத்த துணி பானெட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகத் துவையுங்கள். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் போட்டால் இழைகள் அடைபட்டு, ஈரத்தை உறிஞ்சாமல் போய்விடும். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் எடுக்கக் கூடாது.

பாதுகாப்புப் பூச்சுகள்: சொல்வதும் செய்வதும்

பூச்சுகள் நான்கு வகை. கார்னௌபா வாக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து கிடைப்பது. நல்ல மினுமினுப்புத் தரும், ஆனால் நம் வெயிலில் சில வாரங்களே தங்கும். செயற்கை சீலண்ட் சில மாதங்கள் நிற்கும். செராமிக் கோட்டிங் சிலிக்கா அடிப்படையிலானது. முறையாகப் போட்டுப் பராமரித்தால் ஓராண்டுக்கு மேலும் நிற்கும். நான்காவது பி.பி.எஃப். எனப்படும் பிலிம். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேனால் ஆனது. 150 முதல் 200 மைக்ரான் கனம் இருப்பதால் தெறிக்கும் சிறு கல்லைத் தாங்குவது இது ஒன்றுதான். பி.வி.சி. பிலிமையும் இதே பெயரில் மலிவாக விற்கிறார்கள். அது சில காலத்தில் மஞ்சளித்து விறைத்துவிடும். எந்தப் பொருளால் ஆனது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செராமிக் டப்பாவில் "9 எச்" என்று போட்டிருக்கும். அது பென்சில் கடினச் சோதனையின் அளவு. வைரம், கல் ஆகியவற்றை அளக்கும் மோஸ் அளவுகோலில் 9 என்பது வேறு. இரண்டையும் குழப்பி, "கல்லால் கீறினாலும் ஒன்றும் ஆகாது" என்று சிலர் விற்கிறார்கள். செராமிக் அழுக்கு ஒட்டாமல் வைக்கும், கழுவுவதை எளிதாக்கும், பறவை எச்சம் பெயிண்டை அரிக்கும் முன் துடைக்கச் சற்று அவகாசம் தரும். ஆழமான கீறலையோ கல் அடியையோ தடுக்காது. கடின நீரின் புள்ளியும் அதன்மேல் விழும். அதனடியில் ஏற்கெனவே இருக்கும் கீறல் மறையாது என்பதால், பூச்சுக்கு முன் பாலிஷ் செய்து எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் துடைக்க வேண்டும். வெயிலிலும் தூசியிலும் போடக்கூடாது. திறந்த குப்பி சீக்கிரம் இறுகிவிடும். ஒரு காருக்கு ஒரு சிறு குப்பி என்று வாங்குவதே மிச்சம்.

வாடிக்கையாளர் விட்டுச் செல்லும் கார் நம்மிடம் அமானிதம். அது எத்தனை மாதம் நிற்கும், எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். சொன்னதைச் செய்யும் கடைக்கு மறுமுறையும் ஆள் வருவார்கள்.

உள்புறமும் டயரும்

டேஷ்போர்டுக்குத் தண்ணீர் அடிப்படையிலான டிரஸ்ஸிங் வாங்குங்கள். எண்ணெய் போல மினுங்கும் வகைகளில் தூசி ஒட்டும், வெயில் பட்டால் கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுநரின் பார்வையைக் கெடுக்கும். சீட் பெரும்பாலும் ரெக்ஸின்தான். மிதமான கிளீனர் போதும். டயர் டிரஸ்ஸிங்கைப் பக்கவாட்டில் மட்டும் பூசுங்கள். தரையில் படும் பகுதியிலும் பிரேக் டிஸ்க்கிலும் பட்டால் உயிருக்கே ஆபத்து.

விலையைக் காருக்குக் கணக்கிடுங்கள்

லிட்டர் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். 5 லிட்டர் அடர் ஷாம்பு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் வாளிக்கு 50 மில்லி போதுமென்றால் 100 கார் கழுவலாம். காருக்கு 15 ரூபாய். லிட்டர் 120 ரூபாய்க்குக் கிடைக்கும் மலிவு ஷாம்பு காருக்கு 200 மில்லி பிடித்தால் 5 காருக்குத்தான் வரும். காருக்கு 24 ரூபாய். விலை குறைந்தது எது என்று இப்போது தெரியும். அளவு குவளை இல்லாத கடையில் இந்தக் கணக்கு நிற்காது. கண்ணளவில் ஊற்றினால் லாபம் சாக்கடையில் போகும்.

தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை ஆகியவை டப்பாவில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். எஸ்.டி.எஸ். எனப்படும் பாதுகாப்புத் தரவுத் தாளையும் விற்பனையாளரிடம் கேளுங்கள். உலகம் முழுவதும் இதில் 16 பகுதிகள் ஒரே வரிசையில் இருக்கும். 2-ஆம் பகுதியில் ஆபத்து, 3-ல் கலவை, 4-ல் முதலுதவி, 8-ல் கையுறை, கண்ணாடி விவரம், 9-ல் பி.எச். அளவு. தாள் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கழிவு நீர்

சாயக் கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டை நம் பகுதி விவசாயிகள் அறிவார்கள். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் சாய ஆலைகள் மூடப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் வேலையிழந்தன என்பதையும் நாம் கண்டோம். கார் கழுவும் கடை சிறியதுதான். ஆனாலும் மண்ணும் எண்ணெயும் தங்கிப் பிரியத் தொட்டி கட்டாமல் தண்ணீரைத் தெருவில் விடக்கூடாது. நகராட்சியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் தேவையான அனுமதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பிப்போர் கவனத்துக்கு

இனிக் கடன் கேட்டு வரும் தம்பிமார்கள் "கெமிக்கல் வகைகள்" என்று ஒரு வரியில் முடிக்காமல், பொருளின் பெயர், எந்தப் பரப்புக்கு, கலக்கும் அளவு, ஒரு காருக்கு ஆகும் செலவு என நான்கு பத்தியில் ஒரு பட்டியல் தயாரித்து வாருங்கள். தொடங்கும்போது ஷாம்பு, ஏ.பி.சி., அயர்ன் ரிமூவர், கண்ணாடிக் கிளீனர், உள்புற டிரஸ்ஸிங், டயர் டிரஸ்ஸிங், சீலண்ட் ஆகிய ஏழு போதும். ஒரு நல்ல கடையில் சில மாதம் வேலை பழகிய பிறகு செராமிக் பக்கம் போகலாம். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள். அதற்கும் சேர்த்தே உதவி பரிசீலிக்கப்படும், இன்ஷா அல்லாஹ்.