புட்டிப் பாலும் ஏழைத் தாயும்

தாய் தன் குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டினால் பால்மாவு நிறுவனங்களுக்கு இலாபம் இல்லை. 1970களில் பால்மாவு நிறுவனங்கள் செய்த தந்திரத்தை நாம் இங்கிருந்தே புரிந்துகொள்ளலாம். ஆப்பிரிக்க நாடுகளில் தாதியர் போல் வெள்ளுடை அணிந்த விற்பனைப் பெண்கள் மாதிரி டப்பாக்களை இலவசமாகக் கொடுத்தனர். என்ன கருணை! டப்பா தீருமுன் தாயின் பால் வற்றத் தொடங்கும். பிறகு விலைக்குத்தான் வாங்க வேண்டும். கூலி போதாத தாய் ஒரு கரண்டிக்குப் பதில் அரைக் கரண்டி மாவு போட்டுக் கலக்குவாள், நீரும் சுத்தமாயிராது. குழந்தை வயிற்றுப்போக்கால் மெலியும்.

1977இல் அமெரிக்க மக்கள் பலர் நெஸ்லே பொருள்களைப் புறக்கணித்தனர். 1981இல் உலக சுகாதாரப் பேரவை இத்தகைய விளம்பரங்களைத் தடுக்கும் விதிகளை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்க அரசு மட்டுமே! விதியைச் சட்டமாக்குவது அந்தந்த நாட்டின் பொறுப்பு. இந்தியா 1992இல் சட்டம் இயற்றியது. கடையில் குழந்தைப் பால்மாவு டப்பாவை நாம் திருப்பிப் பார்ப்போமே: தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட்டிருக்கும், குழந்தையின் படம் இராது.