சீறல் நிற்கும் நொடி

காபிக்குத் தண்ணீர் வைத்தால் அம்மா அடுப்பை விட்டு நகரமாட்டாள். "கொதி வந்திருச்சு, எடுத்து ஊத்து, ஊத்து" என்று விரட்டுவாள். கோயம்புத்தூர்ச் சித்தி வீட்டில் பழக்கம் வேறு. தளதளவென்று கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, சற்றே அடங்கவிட்டு, அப்புறம்தான் பில்டரில் ஊற்றுவார்கள். பொங்கப் பொங்க ஊற்றினால் தூள் கருகி டிகாக்ஷன் கசந்துபோகும் என்பது சித்தியின் கட்சி. ஊட்டியில் அடங்கவிட்டால் தூள் ஊறவே ஊறாது என்பது அம்மாவின் கட்சி. இருவருமே சரியாகத்தான் சொன்னார்கள் என்பது எனக்குப் புரிய நாற்பது ஆண்டுகள் ஆயின.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் ஏறத்தாழ 92.5 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94, மேட்டுப்பாளையத்தில் 99 என்று வைத்துக்கொள்ளலாம். சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமானது என்பதால்தான், 19ஆம் நூற்றாண்டு நில அளவைக்காரர்கள் மலையின் உயரத்தை அறியத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பார்த்தார்கள். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைத்துப் பார்த்த எந்த ஊட்டிக் குடும்பத்துக்கும் இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

காபித் தூளிலிருந்து நல்ல சாரம் இறங்க 90 முதல் 96 டிகிரி வரை சூடு வேண்டும். ஊட்டியின் கொதிநீர் அந்த வரம்புக்குள்ளேயே பிறக்கிறது. ஆகவே இங்கே கருகும் பயம் இல்லை. ஆறிப்போகும் பயம்தான். டிசம்பர், ஜனவரியில் வெளியே புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். சமையலறை பத்து டிகிரியை ஒட்டி நிற்கும். அந்தக் குளிரில் இரவெல்லாம் கிடந்த பித்தளை பில்டரில் 92 டிகிரித் தண்ணீரை ஊற்றினால், தூளைத் தொடுமுன் பாதிச் சூட்டைப் பித்தளையே குடித்துவிடும். அதனால் அம்மா முதலில் வெறும் பில்டரில் ஒரு டம்ளர் கொதிநீர் ஊற்றிக் கொட்டுவாள். பிறகு தூள் போட்டு, அமுக்கி, தண்ணீர் விட்டு, மூடி, பழைய கம்பளித் துண்டைச் சுற்றி, கரி அடுப்பின் ஓரத்தில் வைப்பாள். சமவெளியில் காபியை உயரத் தூக்கி ஆற்றுவார்கள். எங்கள் வீட்டில் டவராவுக்கும் டம்ளருக்கும் இடையே இரண்டே தடவைதான். மூன்றாவது ஆற்றினால் குடிக்கும்போது ஜில்லென்று இருக்கும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு எஸ்பிரஸோ என்றால் கல்யாண மண்டபத்தில் பளபளத்து நிற்கும் அந்தப் பெரிய மெஷின்தான். பாலுக்குள் நீராவியைச் சீறவிட்டு, நுரை தளும்பக் கொடுத்து, மேலே சாக்லேட் தூள் தூவுவார்கள். சிறுவர்கள் நாங்கள் வரிசையை விட்டு அசையமாட்டோம். அந்தக் காபியின் ருசியை இன்றும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அதில் எஸ்பிரஸோ இல்லை. எஸ்பிரஸோ என்பது, அமுக்கிய தூளின் வழியே சுமார் 9 பார் அழுத்தத்தில் சுடுநீரை அரை நிமிடத்துக்குள் தள்ளி எடுக்கும் சாரம். மிலான் நகரத்து அக்கில்லே காஜியா, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நெம்புகோல் வைத்த இயந்திரத்தால் அந்த அழுத்தத்தை எட்டினார். 1961இல் ஃபேமா நிறுவனத்தின் ஈ61, கையின் வேலையை மின்பம்புக்குக் கொடுத்தது. அந்தப் பம்பு சிறுத்துச் சிறுத்து இப்போது என் சமையல் மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மகன் வாங்கிக் கொடுத்த இயந்திரம். ஒரே கொதிகலன், காபிக்கும் அதுதான், பாலுக்கு நீராவி தருவதும் அதுதான். முதல் மாதம் முழுக்கக் கசப்பு. தூளை மாற்றினேன், அரைப்பை மாற்றினேன், அமுக்கும் கையின் பலத்தை மாற்றினேன். குற்றம் சூட்டில் இருந்தது. உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் ஒரு சூட்டில் ஹீட்டரை நிறுத்தும், வெகுவாக இறங்கிய பிறகுதான் மறுபடி போடும். இடையில் பத்து டிகிரிக்கு மேல் ஊசலாட்டம். விளக்கு எரிந்தது, தயார் என்று தூள் கூடை வைத்த கைப்பிடியை நான் மாட்டிய நேரங்களில் பாதி, தண்ணீர் உச்சத்தில் இருந்திருக்கிறது.

ஊட்டி அடுப்படியில் இது புதிய சங்கடம். திறந்த பாத்திரத்தில் என்ன செய்தாலும் 93 டிகிரியைத் தாண்டாத ஊரில், மூடிய கொதிகலன் 95 என்ன, 105 டிகிரித் தண்ணீரையும் காபித் தூளின் தலையில் கொட்டும். அன்று சூடு போதாமல் தவித்தோம். இன்று சூடு மிஞ்சித் தவிக்கிறோம்.

வழி காதில் இருந்தது. கைப்பிடியை மாட்டாமல் பம்பை மட்டும் ஓடவிட்டால், உள்ளே அளவுக்கு மீறிச் சுட்ட தண்ணீர் வெளிக்காற்றைத் தொட்டதும் ஆவியாகிச் சீறும். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று தெறிக்கும். குளிர்ந்த நீர் உள்ளே ஏற ஏற, சீறல் தணிந்து, ஒரு நொடியில் சத்தமில்லாத ஒழுக்காகிவிடும். அந்த நொடியில் வரும் நீர் ஊரின் கொதிநிலையைத் தொட்டிருக்கிறது என்று பொருள். சென்னையில் அது 100 டிகிரி. இன்னும் சில நொடி எண்ணி ஓடவிட வேண்டும். ஊட்டியில் அது 92.5. எண்ணவே வேண்டாம். சீறல் நின்றதும் மாட்டு, பொத்தானை அழுத்து. அம்மா சொன்ன "ஊத்து, ஊத்து"தான் இது. இந்த ஒன்றைக் கண்டுகொண்ட காலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் சின்னதல்ல.

இப்போது பிஐடி என்ற கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய இயந்திரங்கள் வந்துவிட்டன. அது சூட்டை ஓரிரு டிகிரிக்குள் பிடித்து நிறுத்தும். அதை நான் மறுக்கவில்லை. குறைவாக வறுத்த கொட்டைக்கு 95, கருக்க வறுத்ததற்கு 89 என்று எண்ணைத் தட்டி வைக்கும் வசதி பெரிய வசதிதான். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து ரொபஸ்டாவை நம் வழக்கப்படி கருக்க வறுத்தால், சூடு இறங்க இறங்கக் கசப்பும் இறங்குவதை நாக்கே சொல்லும். சிக்கரி கலந்த தூளை மட்டும் இதில் போடாதீர்கள். ஊறி, குழைந்து, கூடையை அடைத்துக்கொள்ளும். அது பில்டருக்கே உரியது.

பால் விஷயத்தில் மலை இன்னொரு கணக்கு வைத்திருக்கிறது. நீராவியை அழுத்தமானியின் முள் பார்த்து ஓட்டும் பெரிய இயந்திரங்களில், முள் 1 பார் என்று காட்டினால் அது வெளிக்காற்றுக்கு மேல் 1 பார். கடற்கரையில் அப்போது நீராவி 120 டிகிரி, ஊட்டியில் 116தான். எங்கள் ஒற்றைக் கொதிகலன் சூட்டையே பார்த்து நிற்பதால் அதற்கு இந்தக் குறை இல்லை. ஆனால் குளிர்ந்த குழாயில் நீராவி தண்ணீராகி நிற்கும். அதை முதலில் துணியில் சீறவிட்டு வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பால் நீர்த்துப்போகும். வீட்டுப் பசும்பால் என்றால் முன்பே காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை வடிகட்டிக்கொள்வது அவசியம். ஆடை கிடந்தால் நுரை உடையும். குழாய் முனையைப் பாலின் மேற்பரப்பில் தொட்டும் தொடாமலும் பிடித்தால் காகிதம் கிழிவதுபோல் ஓர் ஓசை வரும். கொஞ்சம் நுரை ஏறியதும் முனையை உள்ளே இறக்கினால் பால் சுழலத் தொடங்கும். பாத்திரத்தின் அடியைக் கை தாங்காதபோது நிறுத்திவிடுவேன். அது 60 டிகிரியைத் தாண்டிய இடம். 70ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு போய்விடும். நீராவி எடுத்த பிறகு கொதிகலன் வெகு சூட்டில் இருக்கும், நீரும் குறைந்திருக்கும். பம்பை ஓட்டி நிரப்பி, சீறல் நிற்கும்வரை காத்திருந்தால்தான் அடுத்த காபி உருப்படும்.

மழைக்காலச் சாயங்காலங்களில் மின்னழுத்தம் படுத்துவிடும். 230 வோல்ட் 180க்கு இறங்கினால் ஹீட்டரின் வலு ஐந்தில் மூன்று பங்குதான். அப்போது இயந்திரம் சூடாக வழக்கத்தைவிட நெடுநேரம் பிடிக்கும். காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் அதுவும் இல்லை. அந்த நாட்களில் அலமாரியிலிருந்து பித்தளை பில்டரை எடுப்பேன். வெறும் பில்டரில் ஒரு டம்ளர் கொதிநீர் ஊற்றிக் கொட்டுவேன். கம்பளித் துண்டு இப்போதும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.