டீச்சர் வேலைக்கு வெளிநாடு: படித்தவருக்கு ஏன் பாதுகாப்பு குறைவு? கையெழுத்துக்கு முன் எதைப் பார்க்கணும்?

திருச்சுழி தாலுகாவின் எம்.ரெட்டியபட்டியில் ஒரே வீட்டிலிருந்து அண்ணனும் தங்கச்சியும் வெளிநாடு கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் ஒன்பதாவதோடு நின்றவர், சவுதிக்குக் கொத்தனார் வேலைக்குப் போகிறார். தங்கச்சி அருப்புக்கோட்டையில் பி.ஏ. ஆங்கிலம் முடித்து, பி.எட். படித்தவர். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு இங்கிலீஷ் டீச்சராகப் போகிறார். விமானம் ஏறும் முன் இந்த இருவரில் யாருடைய வேலை ஒப்பந்தத்தை இந்திய அரசு பார்க்கும்?

அண்ணனுடையதை மட்டும்தான்.

"படிச்ச பிள்ளை, அதுக்கு எல்லாம் தெரியும்" என்று வீட்டில் சொல்வது வழக்கம். சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் வித்தியாசம்

வெளிநாட்டு வேலைக்குச் செல்பவர்களுக்கான அடிப்படைச் சட்டம், 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. அதாவது, குடிபெயர்வு அனுமதி தேவை. அவர்கள் சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் முதலாளியின் விவரம், சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் ஏறும். 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடும் கட்டாயம். இதிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு காகிதமாவது அரசின் கையில் இருக்கும்.

பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இ.சி.என்.ஆர். வகை, இந்த அனுமதி தேவையில்லை. டீச்சர்கள் எல்லோரும் இதில்தான் வருவார்கள். பள்ளி அனுப்பிய ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து, பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்பினால் வேலை முடிந்தது. நடுவில் எந்த அதிகாரியும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை.

இந்த ஓட்டை அரசுக்குத் தெரியாதது அல்ல. நர்சுகள் ஏமாற்றப்படுவதாகப் புகார்கள் குவிந்தபோது, 2015-ல் ஒரு விதிவிலக்கு கொண்டுவந்தார்கள். இ.சி.என்.ஆர். பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அந்த 18 நாடுகளுக்குப் போகும் நர்சுகள் அனுமதி வாங்க வேண்டும் என்றானது. டீச்சர்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. 2018 நவம்பரில், இ.சி.என்.ஆர். பாஸ்போர்ட்டில் இந்த நாடுகளுக்கு வேலைக்குச் செல்பவர்களும் இ-மைக்ரேட்டில் பதிவு செய்தாக வேண்டும், 2019 ஜனவரி 1 முதல் இது கட்டாயம் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதக் கடைசியில் அறிவிப்பை நிறுத்தி வைத்தது. 'பதிவு செய்யாதவரை விமானத்தில் ஏற்ற மாட்டோம்' என்ற மிரட்டல் தொனியில் வந்ததால் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் மிரட்டலோடு சேர்ந்து பதிவு என்ற யோசனையும் ஓரம் போனதுதான் நஷ்டம்.

வேலை, வீடு, விசா: மூன்றும் ஒரே கையில்

உள்ளூர் தனியார் பள்ளியில் நிர்வாகத்தோடு சண்டை வந்தால் என்ன ஆகும்? வேலை போகும். அடுத்த வாரம் வேறு பள்ளியில் கேட்கலாம். வீட்டுச் சோறு இருக்கிறது.

வெளிநாட்டில் அப்படி இல்லை. வளைகுடா நாடுகளின் 'கஃபாலா' முறையில், வேலை கொடுப்பவர்தான் விசாவுக்கும் பொறுப்பாளர். பல பள்ளிகள் தங்கும் இடத்தையும் தாங்களே கொடுக்கின்றன. ஆகவே வேலை போனால் அறையும் போகும், நாட்டில் தங்கும் உரிமைக்கும் நாள் எண்ணத் தொடங்கிவிடும். சம்பளம் பாக்கி என்று கேட்கப் போகும் டீச்சருக்கு இது தெரியும். நிர்வாகத்துக்கும் தெரியும். வாயைத் திறக்கும் முன்பே பாதி தோற்றுவிட்ட மாதிரிதான்.

அதையும் மீறிக் கேட்டால் பழிவாங்கல் பல ரூபத்தில் வரும். அனுபவச் சான்றிதழ் தராமல் இழுத்தடிப்பது ஒன்று. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது இன்னொன்று. கடைசி மாதச் சம்பளத்தையும் ஊர் திரும்பும் டிக்கெட்டையும் பிடித்து வைப்பதும் உண்டு. எல்லாவற்றையும்விடக் கொடுமையானது 'ஓடிப்போய்விட்டார்' என்ற புகார். சவுதியில் இதற்கு 'ஹுரூப்' என்று பெயர். வேலைக்கு வரவில்லை என்று முதலாளி ஆன்லைனில் பதிவு செய்தால், தொழிலாளி சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் என்ற நிலைக்குத் தள்ளப்படக்கூடும். சம்பளம் கேட்டவர், தன்னைக் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியதாகிவிடும்.

சட்டங்கள் மாறவில்லையா? மாறியிருக்கின்றன. கத்தார் 2020-ல், முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேறு வேலைக்கு மாற வழி செய்தது. சவுதியின் தொழிலாளர் சீர்திருத்தம் 2021 மார்ச்சில் அமலுக்கு வந்தது. வீட்டு வேலை செய்பவர்களும் வீட்டு டிரைவர்களும் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். தனியார் பள்ளி ஆசிரியர்கள் உள்ளே வருகிறார்கள். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டம், பழிவாங்கலை நேரடியாகவே தொடுகிறது. தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய்ததற்காகவோ, வழக்குப் போட்டதற்காகவோ ஒருவரை நீக்கியது நிரூபணமானால், அது சட்டவிரோதப் பணிநீக்கம். மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடு கிடைக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வழக்கு முடியும்வரை வாடகை யார் கொடுப்பது? ஊரில் அடகு வைத்த நகைக்கு வட்டி யார் கட்டுவது? "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு வந்துடலாம்" என்று பலர் முடிவெடுப்பது கோழைத்தனம் இல்லை. அது கணக்கு.

ஜெயித்தும் வேலை போன கதை

இது வளைகுடாவின் பிரச்சினை மட்டும்தான் என்று நினைத்தால், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டி பொதுப் பள்ளி நிர்வாகம், வெளிநாட்டு ஆசிரியர்களை ஹெச்-1பி விசாவில் எடுத்தது. பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டினர். அந்த விசாவுக்கான கட்டணத்தை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நிர்வாகமோ ஆசிரியர்களையே கட்ட வைத்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறை விசாரித்து, 2011-ல் 1,044 ஆசிரியர்களுக்குச் சுமார் 42 லட்சம் டாலர் திருப்பித் தர வைத்தது.

வெற்றிதானே? இன்னொரு தண்டனையும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு அந்த நிர்வாகம் ஹெச்-1பி விசாவுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. தண்டனை நிர்வாகத்துக்கு என்று காகிதத்தில் இருந்தது. விசா புதுப்பிக்க முடியாமல் வேலையை இழந்ததோ ஆசிரியர்கள். பணம் கைக்கு வந்தது, வகுப்பறை போய்விட்டது.

அடுத்த ஆண்டு டிசம்பரில், லூசியானாவில் பணியாற்றிய சுமார் 350 பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களின் வழக்கில், ஆள்சேர்ப்பு நிறுவனம் 45 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரி சொன்னது. வேலைக்காக ஆளுக்குச் சுமார் 16,000 டாலர் வரை கறந்தது, கட்டணம் கட்டி முடிக்கும்வரை பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தது என்பவை அந்த நிறுவனத்தின் மீதான புகார்கள். ஆசிரியர் சங்கம் ஒன்றும் மனித உரிமை வழக்கறிஞர்களும் பக்கத்தில் நின்றதால்தான் அந்த வழக்கு நடந்தது. தனி ஆளாக ஒரு டீச்சர் போட்டிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

ஆக, புகார் செய்யும் உரிமை ஒன்று, புகார் செய்த பிறகும் அந்த நாட்டில் இருக்க முடிவது வேறொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது காகிதத்தில்தான் இருக்கும். அதனால் டீச்சரின் கை ஓங்கியிருக்கும் நேரம் என்று ஒன்று இருந்தால், அது கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய சில நாட்கள்தான்.

அந்தச் சில நாட்களில்

முதலில் ஏஜென்ட். படித்தவரோ படிக்காதவரோ, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்த உரிமம் நிஜமா, நடப்பில் உள்ளதா என்பதை இ-மைக்ரேட் தளத்திலேயே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. லட்சக்கணக்கில் கேட்டு, "ரசீது எல்லாம் வேண்டாம் மேடம், நம்ம ஆளுதானே" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. உரிமம் பற்றிச் சந்தேகமே எழாத வழி அது. ஆனால் டீச்சர் வேலை அங்கே எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது 'விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்' என்ற பேச்சு. இதைவிட ஆபத்தான வாக்கியம் இந்தத் தொழிலில் இல்லை. விசிட் விசாவில் வகுப்பெடுத்தால் முதல் நாளிலிருந்தே சட்டத்தை மீறியவர் டீச்சர்தான். சம்பளம் வரவில்லை என்று எந்த அலுவலகத்துக்கும் தைரியமாகப் போக முடியாது. பள்ளிக்கு அதைவிட வசதி வேறென்ன?

ஒப்பந்தத்தில் எல்லோரும் மொத்தச் சம்பளத்தைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். அமீரகத்தில் பணிக்கொடை, அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். மொத்தம் 5,000 திர்ஹாம் என்று இரண்டு பள்ளிகள் சொல்கின்றன. ஒன்றில் அடிப்படை 4,000, இன்னொன்றில் 2,000, மீதி எல்லாம் படி. மூன்று ஆண்டு கழித்து வெளியேறும்போது முதல் பள்ளியில் 8,400 திர்ஹாம் கிடைக்கும், இரண்டாவதில் 4,200. மாதச் சம்பளம் ஒன்றாகவே இருந்ததால் வித்தியாசம் கடைசி நாளில்தான் உறைக்கும்.

கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, ஒப்பந்தம் பத்து மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை வகுப்பு, இடையில் விலகினால் எவ்வளவு நாள் நோட்டீஸ், டிக்கெட் யார் செலவு என்பதும் அப்படியே. அமீரகத்தில் ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. முன்பு கையெழுத்திட்ட ஆஃபர் கடிதத்தில் இருப்பதே அமைச்சகத்தில் பதிவாகும் ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். அங்கே இறங்கியதும் புதுக் காகிதம் நீட்டி, "இது சும்மா ஃபார்மாலிட்டி" என்றால் பழைய காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் பேனாவைத் தொடக் கூடாது.

சான்றிதழ் விஷயம் தனி. நம்மூர்த் தனியார் பள்ளிகள் சிலவற்றில் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருப்பதால், வெளிநாட்டுப் பள்ளி கேட்டாலும் பலருக்கு அது தப்பாகத் தெரிவதில்லை. அட்டஸ்டேஷனுக்குக் கொடுத்த ஒரிஜினல் திரும்பக் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் என்று ஏஜென்ட்டிடம் பேசிக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட் என்றால் பேச்சே இல்லை. 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. அதைத் தொழிலாளியிடமிருந்து பிடுங்கி வைப்பது கத்தார், சவுதி, அமீரகம் மூன்றிலுமே தவறு.

பிரச்சினை வந்துவிட்டால்?

வேலைக்குப் போவதை நிறுத்துவதுதான் பலர் முதலில் செய்வது. 'ஓடிப்போனார்' புகாருக்கு வழி திறப்பதும் அதுதான். சம்பளம் வராவிட்டாலும் வருகைப் பதிவு, சம்பளம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில் முதலில் புகாரைப் பதிய வேண்டும். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ஆதாரம் இருந்தால், வேலையோடு அதுவும் பூட்டப்படும். சொந்த முகவரிக்கு அன்றன்றைக்கே அனுப்பி வைப்பது உதவும்.

வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் தூதரகத்துக்குப் புகார் அனுப்பலாம். பாஸ்போர்ட் எந்த வகை என்பது இங்கே தடையில்லை. தூதரகங்களிடம் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. தகுதியானவர்களுக்குச் சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம், திரும்பி வர டிக்கெட் ஆகியவற்றுக்கு அதிலிருந்து செலவு செய்யலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு, ஊரில் இருக்கும் குடும்பத்தினரே மனு கொடுக்கலாம். பாஸ்போர்ட் நகல், விசா நகல், ஒப்பந்தத்தின் நகல் மூன்றும் வீட்டில் ஒரு ஃபைலில் இருந்தால் அந்த மனுவை எழுத அரை மணி நேரம் போதும். இல்லாவிட்டால், அங்கே அறையில் சிக்கிக்கொண்டிருப்பவரிடமே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு காகிதம் வரும். 'எனக்குச் சேர வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது, எந்தப் பாக்கியும் இல்லை' என்று அரபியிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருக்கும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், பணம் வரும் முன்பே அதில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பணம் கணக்கில் ஏறிய குறுஞ்செய்தி வந்த பிறகு அதில் கையெழுத்துப் போட்டாலும் விமானத்தைப் பிடித்துவிடலாம்.