கயிற்றை நீளமாக விடுங்கள்

துப்பாக்கியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், படகை எங்கே கட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். டெலவேர் வளைகுடாவின் நியூஜெர்சிக் கரையில் வாத்து வேட்டைக்குக் கிளம்பும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

இங்கே கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. நீர்மட்டம் சுமார் 6 அடி மாறும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இன்னும் கூடுதல். வற்றுவதற்கு ஏறக்குறைய 6 மணி நேரம் ஆனாலும், நடுவிலுள்ள 2 மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் வடிந்துவிடும். வடமேற்குக் காற்று பலமாக அடித்தால், அட்டவணையில் போட்டிருப்பதைவிடக் கீழே போகும்.

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சுடலாம் என்பது சட்டம். அதனால் எல்லோரும் படகைக் கட்டுவது கும்மிருட்டில். ஏற்றத்தில் வந்தவர்கள் கோரைப்புல்லை ஒட்டி நிறுத்திவிட்டு, ஊசிவால் வாத்துக்காகக் காத்திருப்பார்கள். திரும்பிப் பார்த்தால் படகு சேற்றில் உட்கார்ந்திருக்கும். அடுத்த ஏற்றம் வரும்வரை அது நகராது.

வற்றத்தில் வந்து குட்டைக் கயிற்றில் கட்டுவது இதைவிட மோசம். சேற்றில் இறக்கிய கழி பக்கவாட்டு இழுப்பை நன்றாகத் தாங்கும். தண்ணீர் ஏற ஏறப் படகு மேல்நோக்கி இழுக்கும்போது உருவிக்கொண்டு வந்துவிடும். கழி அசையாமல் நின்றாலோ, படகின் முன்பக்கம் அமுங்கித் தண்ணீர் உள்ளே புகும்.

எனக்குப் பிடித்த முறை இது. ஓடையின் ஆழமான பகுதியில், சேற்றைக் கவ்வும் தட்டை அலகு நங்கூரத்தைச் சங்கிலியோடு போடுகிறேன். அதன் கயிறு, ஏற்றத்தின்போது இருக்கும் ஆழத்தைப்போல் 5 மடங்காவது இருக்க வேண்டும். கயிற்றின் மேல்முனையில் ஒரு மிதவை, மிதவையில் ஒரு சிறிய கப்பி. கப்பி வழியே வளையமாக ஓடும் இன்னொரு கயிற்றைக் கரையில் அறைந்த நீளக் கழிவரை கொண்டுவந்து, அதில் படகைக் கட்டுகிறேன். ஒரு பக்கம் இழுத்தால் படகு ஆழத்துக்குப் போகும். மறுபக்கம் இழுத்தால் கரைக்கு வரும். வளையக் கயிற்றையும் தாராளமாக விட வேண்டும், அப்போதுதான் ஏற்றத்தில் விறைக்காது. கட்டிவிட்டுப் போய் உட்காராதீர்கள், மணிக்கொரு முறையாவது வந்து பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு படகு அடித்துக்கொண்டு போனால், நீந்திப் பிடிக்க இறங்காதீர்கள். டிசம்பர் மாதத் தண்ணீரில் சில நிமிடங்களிலேயே கைகால் ஒத்துழைக்காது. கடலோரக் காவல்படையைக் கையடக்க ரேடியோவின் 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள். அந்த ரேடியோவைப் படகில் வைக்காமல் உங்கள் சட்டைப்பையில் வைத்திருங்கள்.