வலி நின்றால் அடைப்பு நீங்கியதா?

நடுராத்திரியில் விலாவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உருண்டு புரண்டால், அன்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்: கல்லடைப்பு. வாழைத்தண்டுச் சாறு பிழிவார்கள், நெருஞ்சிக் கஷாயம் வைப்பார்கள், பார்லித் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடிக்கச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால், குழாய் இழுத்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லி இழுப்பைத் தளர்த்தும் ஊசி போடுவார்கள். விடியும்போது வலி நின்றிருந்தால் கல் இறங்கிவிட்டது என்று வீடே நிம்மதியாகும். அந்த நிம்மதியை நம்பக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்க்கு யூரிட்டர் என்று பெயர். நீளம் 25 முதல் 30 செ.மீ., உள்விட்டம் 3 அல்லது 4 மி.மீ. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் உயிருள்ள விலங்கில் இந்தக் குழாயைக் கட்டிக் காட்டினார். கட்டுக்கு மேலே குழாய் புடைத்தது, கீழே பை காலியாகவே கிடந்தது. இது தானாகவே சுருங்கி விரியும் தசை என்பது தெளிவாகப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1869இல் எங்கல்மான் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர், நரம்பின் தூண்டுதல் இல்லாமலே இந்தச் சுருக்கம் நடப்பதை விளக்கினார். சிறுநீரகத்தின் உட்கிண்ணங்களை ஒட்டியுள்ள செல்களில் தொடங்கும் மின்தூண்டல், ஒரு தசைச்செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவி, நிமிடத்துக்கு 2 முதல் 6 முறை அலையாகக் கீழே இறங்குகிறது.

பால் கறப்பவரின் கையைப் பாருங்கள். காம்பின் மேல்பகுதியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முதலில் அடைத்துக்கொள்ளும், அதன்பிறகுதான் மற்ற விரல்கள் அழுத்தும். மேலே அடைப்பு விழாவிட்டால் பால் மடிக்கே திரும்பிவிடும். யூரிட்டரும் இப்படித்தான் வேலை செய்கிறது. சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் சிறுநீர்க் கவளம் கீழே நகரும்.

கல் சிக்கியதும் இந்தத் தசை முதலில் மூர்க்கமாகப் போராடுகிறது. சுருக்கங்கள் அடிக்கடி வருகின்றன, வலுவாகவும் வருகின்றன. ஆனால் மேலிருந்து நீர் வந்துகொண்டே இருப்பதால் குழாய் விரிகிறது. விரிந்த குழாயில் சுவர்கள் ஒட்டுவதில்லை. குழாய் அகலமாக ஆக, அதே அளவு தசை இழுவிசைக்குக் கிடைக்கும் அழுத்தமும் குறைகிறது. சில நாட்களில் அலைகள் தளர்ந்து, கவளம் கவளமாகத் தள்ளிய குழாய் வெறும் தேக்கமாகிவிடுகிறது. கிருமித்தொற்றும் சேர்ந்தால் தளர்ச்சி இன்னும் கூடும். அடைப்பு மாதக்கணக்கில் நீடித்தால் தசை தடித்து, தசைக்கட்டுகளுக்கு இடையே நார்த்திசு படிந்து, மின்தூண்டல் தாவும் வழியே அறுபடும்.

வலியைப் பற்றிய புரிதலும் அடியோடு மாறியிருக்கிறது. குழாயின் இழுப்பே வலி என்று அன்று நினைத்தார்கள். தேங்கிய நீரின் அழுத்தம் சிறுநீரகத்தையும் அதன் உறையையும் விரிப்பதே முக்கியக் காரணம் என்று இன்று தெரிகிறது. அடைப்பு விழுந்த முதல் ஓரிரு மணி நேரத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து, சிறுநீரகத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து, அழுத்தம் மேலும் ஏறுகிறது. அதனால்தான் இழுப்பு மருந்தைவிட, புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகள் முதலிடம் பெற்றன. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அவை ஆகாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம் வேண்டாம். வலியின் உச்சத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக் கல்லைத் தள்ளிவிடலாம் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. கல் வராமல் தடுக்கத் தண்ணீர் நல்லது, அது வேறு விஷயம்.

குழாயைத் தளர்த்திக் கல்லை இறக்க டாம்சுலோசின் மாத்திரை பரவலாக எழுதப்பட்டது. 2015இல் பிரிட்டனில் 1,100க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், அதற்கும் வெற்று மாத்திரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குழாயின் கீழ்ப்பகுதியில் சிக்கிய, 5 மி.மீ.க்குப் பெரிய கற்களுக்கு இன்றும் பல மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள்.

அன்று விலாவைக் கீறித்தான் கல்லை எடுத்தார்கள். 1980இல் மியூனிக்கில் அதிர்வலையால் கல்லை உடைத்தார்கள், இன்று மெல்லிய கருவியை உள்ளே விட்டு லேசரால் பொடியாக்குகிறார்கள். அடைப்பைத் தாண்டி நீர் இறங்க 1978 முதல் டிஜே ஸ்டென்ட் என்ற உட்குழல் இருக்கிறது. அது உள்ளே இருக்கும்வரை குழாயின் சுருக்கம் அடங்கிக் கிடக்கும். குறித்த நாளில் அதை எடுத்துவிட வேண்டும், மறந்தால் அதன்மேலேயே கல் படியும்.

அடைப்பை நீக்கத் தாமதித்தால் என்ன ஆகும் என்பதை நாய்களில் நடந்த பழைய சோதனைகள் சொல்கின்றன. முழு அடைப்பை ஒரு வாரத்தில் நீக்கினால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் முழுமையாகத் திரும்பியது, நான்கு வாரம் கழித்து நீக்கியபோது சுமார் 30 சதவீதமே திரும்பியது. மனிதருக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் நாள் தள்ளுவது ஆபத்து என்பதில் சந்தேகமில்லை.

வலி நின்றது கல் இறங்கியதாலும் இருக்கலாம், அழுத்தம் தணிந்து குழாய் ஓய்ந்ததாலும் இருக்கலாம். உடம்பு அதைப் பிரித்துச் சொல்லாது, ஸ்கேன் சொல்லும். வலி நின்றாலும் மருத்துவர் சொன்ன நாளில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.