கொலைகாரன் பிடிபட்ட பிறகும் தீராத துக்கம்

1945 ஜனவரியில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதிப் பண்ணை வீடு ஒன்றில் டென்னிஸ் ஓநீல் என்ற 12 வயதுச் சிறுவன் இறந்தான். பெற்றோரிடமிருந்து பிரித்து, வளர்க்கச் சொல்லி நகராட்சி அவனை ஒப்படைத்திருந்த வீடு அது. அடியும் பட்டினியும் அவனைக் கொன்றன. நாடே கொதித்தது. விசாரணை நடந்தது. 1948இல் குழந்தைகளுக்கான புதிய சட்டம் வந்ததற்கு அந்தச் சாவும் ஒரு காரணம்.

அந்த வழக்கின் பாதிப்பில் அகதா கிறிஸ்டி ஒரு வானொலி நாடகம் எழுதினார். ராணி மேரியின் 80ஆவது பிறந்தநாளையொட்டி 1947இல் பிபிசி அதை ஒலிபரப்பியது. அதுவே வளர்ந்து 1952இல் 'தி மவுஸ்டிராப்' ஆக லண்டனில் மேடையேறியது. கொரோனாக் கால இடைவெளி நீங்கலாக இன்றுவரை அங்கே நடந்து வருகிறது. பனியில் அகப்பட்ட விடுதி, ஒருவரையொருவர் சந்தேகிக்கும் விருந்தினர்கள், கடைசியில் கொலையாளி யார் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்றொரு வேண்டுகோள். சிரித்துக்கொண்டே வீடு திரும்பும் கூட்டத்தில் அந்தப் பையனை எத்தனை பேர் நினைப்பார்கள்?

ரத்தத்தை அதிகம் காட்டாத, சின்ன ஊரில் நடக்கிற, சாதாரண மனிதர்கள் துப்புத் துலக்குகிற இந்தக் கதைகளை 'கோஸி மிஸ்டரி' என்கிறார்கள். பெயரை வைத்து இவற்றில் வலியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அன்றும் வலி இருந்தது. ஆனால் கொலைக்கான காரணமாகத்தான் அது பெரும்பாலும் உள்ளே வந்தது. காரணம் தெரிந்ததும் அதன் வேலை முடிந்துவிடும்.

கிறிஸ்டியின் 1950ஆம் ஆண்டு நாவல் 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு'. அதில் மிட்ஸி என்று ஒரு சமையற்காரி. போரில் குடும்பத்தை இழந்து ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவள். போலீஸைக் கண்டாலே நடுங்குவாள். ஊர்க்காரர்களுக்கு அவள் பொய் சொல்கிறவள், ஆர்ப்பாட்டக்காரி. முடிவில் துணிச்சலான ஒரு வேலையை அவளிடம் கொடுக்கிறார் கிறிஸ்டி. அப்போதும் அவளுடைய பயத்துக்குப் பக்கத்தில் யாரும் உட்கார்வதில்லை. அந்த நாவலை நேசிக்கிற எனக்கு அந்த இடம் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

எல்லோரும் அப்படி எழுதவில்லை. டோரதி சேயர்ஸ் படைத்த துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்ஸி முதல் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பியவர். 1937இல் வெளியான 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' நாவல் குற்றவாளி பிடிபட்டதோடு நின்றுவிடுவதில்லை. தான் கண்டுபிடித்துக் கொடுத்தவன் தூக்கில் தொங்கப் போகிறான் என்பதைத் தாங்க முடியாமல் விம்ஸி அழுகிறார். பிரிட்டனில் கொலைக்குத் தூக்கு 1965இல்தான் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய துப்பறியும் கதைகளில் பிடிபட்ட ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு தூக்குக் கயிறு இருந்தது. அதை நேராகப் பார்க்கும் துணிவு சேயர்ஸுக்கு இருந்தது.

இன்றைய எழுத்தாளர்கள் அந்த வழியில் வந்தவர்கள் என்று நினைக்கிறேன். அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தின் 1998ஆம் ஆண்டு நாவலில் பிரெஷஸ் ரமோட்ஸ்வே போட்ஸ்வானாவில் தன் துப்பறியும் நிலையத்தைத் திறக்கிறாள். அப்பாவின் மாடுகளை விற்ற பணம். அப்பா தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். அவளை அடித்த கணவன், பிறந்த சில நாட்களிலேயே போய்விட்ட குழந்தை, இவை எந்த வழக்குக்கும் துப்பு ஆவதில்லை. அவளோடு அவை இருக்கின்றன, அவ்வளவுதான். அதே நாவலில் மாந்திரீக மருந்துக்காகக் கொல்லப்பட்டிருப்பானோ என்று எல்லோரும் அஞ்சும் ஒரு சிறுவன் உயிரோடு திரும்புகிறான். 1994இல் மொச்சுடியில் நடந்த ஒரு சிறுமியின் கொலை அந்த நாட்டையே உலுக்கியிருந்தது. எனவே அது வீண் அச்சமில்லை. பையன் திரும்பி வருவது மழுப்பல் என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயம் முழுதாகச் சொல்லப்பட்ட பிறகு வரும் ஆறுதல் அது.

ரிச்சர்ட் ஓஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' 2020இல் வந்தது. கென்ட் பகுதியில் முதியோர் வாழும் குடியிருப்பு ஒன்றில் நான்கு பேர் கொலைகளை அலசுகிறார்கள். வேடிக்கைக்குக் குறைவில்லை. அந்த நால்வரில் ஒருத்தியான எலிசபெத்தின் கணவர் ஸ்டீபனுக்கு மறதி நோய். அதை அவள் அக்கம்பக்கத்தாரிடம் மறைத்து, அவரோடு பேசி, சதுரங்கம் ஆட ஆள் தேடி, நாட்களைக் கடத்துகிறாள். புத்தகத்துக்குப் புத்தகம் நோய் முற்றுகிறது. 2023இல் வந்த நான்காம் நாவலில் கொலையைவிட ஸ்டீபன்தான் மனதை அடைத்துக்கொள்கிறார்.

ஒரு சமூகப் பிரச்சினையை அத்தியாயத்துக்கு ஒன்றாக ஒட்டிவிட்டு 'இது வெறும் பொழுதுபோக்கு அல்ல' என்று காட்ட முயலும் நாவல்களும் இன்று வருகின்றன. அவற்றைவிட மிட்ஸியை அந்தரத்தில் விட்ட கிறிஸ்டியே மேல். ஓஸ்மன் அப்படி எதையும் ஒட்டவில்லை. கொலையாளியைக் கண்டுபிடிக்க எலிசபெத்துக்குத் தெரியும். ஸ்டீபனைத் திருப்பிக் கொண்டுவர அவளுக்கு வழி தெரியாது. ஒரே நாவலில் இந்த இரண்டையும் அவர் அருகருகே வைக்கிறார். முதலாவது தீர்ந்ததும் இரண்டாவதை மறந்துவிட நம்மை அவர் விடுவதில்லை.